‘வருந்துகிறேன்’னு எழுத மாட்டேன்

ஆமா கண்ணு, நான் ஜெயிலுக்குப் போனவதான். அதுக்கு எதுக்கு அப்படிச் சன்னலோட ஒட்டிக்கறே? நல்லாக் காலை நீட்டி உக்காரு. போன்ல நான் கத்துனதைக் கேட்டுத்தான திரும்பிப் பாத்தே? நீ மட்டுமில்ல, முன்னாடி சீட்டுக்காரரும் பாத்தாரு. கண்டக்டரு டிக்கெட்டுக் கிழிக்கறதை உட்டுப்போட்டுப் பாத்தாரு. பாக்கட்டும். அந்தப் பக்கம் பேசுனது என்ற வக்கீலம்மா. ரெஜினான்னு பேரு, ஈரோட்டுல இருக்கறாங்க. தங்கமான மனுசி. ஆனா முடிஞ்சு போன விசயத்தையே திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. “இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்கம்மா”ங்கறாங்க. யோசிச்சாச்சு. யோசிச்சுத்தான் கத்துனேன்.

நீ எங்க எறங்கறே? காங்கயமா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். சென்னிமலை தாண்டி மூணாவது ஸ்டாப்பு. அதுவரைக்கும் கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன், எனக்கு இப்ப ஆருகிட்டயாவது சொல்லோணும்.

திருடிட்டுப் போகலை. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். சாராயம், கஞ்சா அந்தச் சோலியெல்லாம் கெடையாது. என்ற தங்கச்சி புருசனோட கையை வெட்டிட்டுப் போனேன். வலது கையி. மூணு வெரலு போச்சு. பெருவெரலும் சுண்டு வெரலும் மிச்சம்.

பயந்துக்காத. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன்.

என்ற பேரு துளசிமணி. பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இட்லிக்கடை வெச்சிருக்கறேன். எனக்கு ஒரே தங்கச்சி, மயிலாத்தா. எங்கம்மா செத்தப்ப அவளுக்கு ஏழு வயசு, எனக்குப் பன்னண்டு. அவளை நாந்தான் வளத்துனேன். தலை சீவி உட்டது, பள்ளிக்கோடத்துக்குக் கூட்டிப் போனது, பெரியவளானப்பத் தண்ணி ஊத்துனது எல்லாம் நாந்தான். சென்னியப்பனுக்குக் கட்டிக் குடுத்ததும் நாந்தான். லாரி ஓட்டறவன், ஆளு நல்லா ஒசரமா இருப்பான், குடிக்க மாட்டான்னு சொன்னாங்க. குடிக்கலை, நெசம். குடிக்காமயே அடிப்பான். கொழம்புல உப்புக் கம்மின்னா அடி, எச்சுன்னா அடி. கொழந்தை இல்லைன்னு அடி.

அவ எங்கிட்டச் சொல்ல மாட்டா. “கதவுல இடிச்சுக்கிட்டேங்கா”ம்பா, “வழுக்கி உழுந்துட்டேங்கா”ம்பா. ஒரு மனுசி எத்தனை தடவை கண்ணு வழுக்கி உழுவா?

என்ற ஊட்டுக்காரரு கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு. மக கிருத்திகாவுக்கு அப்ப ரெண்டு வயசு. நானும் அவளும் ஒண்டியாத்தான் இருந்தோம். அவளுக்கு அஞ்சு வயசு நடக்கறப்ப, ஆடி மாசத்துல ஒரு நாள், ஊர்ல நோம்பின்னு கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்துக்கிட்டு மயிலாத்தா ஊட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருக்குது. உள்ள சத்தம். தள்ளிக்கிட்டுப் போறேன். அவன் அவ கையைப் புடிச்சு அடுப்புல காஞ்சுக்கிட்டு இருக்கற தோசைக்கல்லு மேல வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கறான். அவ கத்தக்கூட இல்லை. வாய் தொறந்திருக்குது, சத்தம் வரலை. கத்துனது அவன்.

மூலையில தேங்காய் உரிக்கற கொடுவாள் கெடந்துச்சு. எடுத்தேன். ஓங்கி ஒரே வெட்டு.

அவ்வளவுதான் கண்ணு. அதுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நானே கொடுவாளை எடுத்துக்கிட்டுப் போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்து போனேன். இப்படி இப்படி, வெட்டிப்போட்டேன், எழுதிக்கங்கன்னேன். ஏட்டையா நாற்காலியை உட்டு எந்திரிச்சுட்டாரு.

இப்பச் சொல்லு. நான் பண்ணுனது தப்பா? நீ சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

கோர்ட்டுல என்ற பக்கத்து வக்கீலு சொன்னாரு, “உங்க தங்கச்சி நடந்ததைச் சொன்னாப் போதும்மா. இன்னொருத்தர் உசுரைக் காப்பாத்தறதுக்காக வெட்டுனதுன்னு ஆயிரும். வெளியில வந்துருவீங்க”ன்னு. நானும் தெம்பாத்தான் நின்னேன். மயிலாத்தா கூண்டுல ஏறுனா. கையில கட்டு இன்னும் அவுக்கலை. சத்தியம் பண்ணுனா. பண்ணிப்போட்டுச் சொல்றா, “கையி நானே சமைக்கறப்பச் சுட்டுக்கிட்டதுங்க. எங்க ஊட்டுக்காரரு அடுப்பாண்டையே வரலைங்க. அக்காவுக்கும் அவருக்கும் வாய்த் தகராறு. அதுல வெட்டிப்போட்டாங்க.”

நான் அவளையே பாக்கறேன். அவ தரையைப் பாக்கறா.

மூணு வருசம் போட்டாங்க. மேல் கோர்ட்டுக்குப் போலாம்னு வக்கீலு சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். கூடப் பொறந்தவளே அப்படிச் சொன்னதுக்கு மேல எந்தக் கோர்ட்டுக்குப் போயி என்ன? கோயமுத்தூரு ஜெயில்ல இருந்தேன். சமையக்கட்டுல போட்டாங்க. இட்லி ஊத்தக் கத்துக்கிட்டது அங்கதான், என்ற கடை இட்லியை இன்னிக்கும் ஊரே மெச்சும். வெளியில வந்து நேரா மயிலாத்தா ஊட்டு வாசல்ல போயி நின்னு, “கிருத்திகா, வா போலாம்”னேன். புள்ளை அவ முந்தானையைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. இழுத்துக்கிட்டு வந்தேன். அதுக்கப்பறம் அந்த ஊட்டுப் பக்கம் நான் தலை வெச்சுப் படுக்கலை. ஒரம்பரை சொந்தபந்தம் ஊட்டு விசேசத்துல அவ ஒரு பந்தின்னா நான் அடுத்த பந்தி.

ஆமா, புள்ளையை அவதான் பாத்துக்கிட்டா, நான் உள்ள இருந்தப்ப. அதைத்தான கேக்கறே? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சோறு போட்டா, பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனா. அது ஒரு பெரிய காரியமா? பொய்ச் சத்தியம் பண்ணுனவ சோறாவது போட வேண்டாமா?

சரி, அது பழைய கதை. இந்த வருசத்துக் கதைக்கு வர்றேன்.

கிருத்திகாவை நல்லாப் படிக்க வெச்சேன். கம்ப்யூட்டர் படிச்சா. அவளும் மாப்பிள்ளையும் இப்பக் கனடாவுல இருக்கறாங்க. கண்ணாலமாகி வெகு நாளு கழிச்சு இப்பத்தான் உண்டானா. அதுவும் லேசுப்பட்டதா இல்லை. ரெண்டு தடவை கலைஞ்சு போயி, இது மூணாவது. டாக்டரு கட்டலை உட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாங்களாம். மாப்பிள்ளை வேலைக்குப் போகோணும். அங்க கூலிக்கு ஆளு வெச்சுக் கட்டுப்படியாகுமா? “அம்மா, நீ வா”ன்னு அழுகறா. கண்ணாலத்தப்பவே எனக்குப் பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தா. விசாவுக்கு எழுதறதுக்குப் பெருந்துறையில ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி வரிசையாக் கேட்டுக்கிட்டே வந்துச்சு. ஒரு எடத்துல, “உங்களுக்கு எப்பவாவது கோர்ட்டுல தண்டனை ஆயிருக்குதுங்களாக்கா?”ன்னுச்சு. கேட்டுப்போட்டு அதுவே, “இல்லைன்னு போட்டுர்றேனுங்க”ன்னுச்சு.

“ஆமான்னு போடு”ன்னேன்.

தம்பிக்குக் கையி ஓடலை. “அக்கா, பழசுதானுங்க, ஆருக்குத் தெரியப் போகுது?”ங்குது. எனக்குத் தெரியுமில்ல? நான் எதுக்கு இல்லைங்கோணும்? ஆமான்னு போட்டேன். விசா இல்லைன்னு வந்துருச்சு.

கிருத்திகா போன்ல காச்சு காச்சுன்னு காச்சுனா. “ஏம்மா இப்படிப் பண்ணுனே? உனக்கு என்னைய விட உன்ற வீம்புதான் பெருசா?” நான் சொன்னேன், வீம்பு இல்லடி, நெசம். அவ போனை வெச்சுட்டா. அதுக்கப்பறந்தான் ரெஜினா வக்கீலம்மாவைத் தேடிப் போனேன். அந்தத் தண்டனையை அழிக்கறதுக்கு ஏதாவது வழி இருக்குதாங்கம்மான்னு கேட்டேன்.

வழி இருக்குதுன்னாங்க. பழைய கேசுக் கட்டையெல்லாம் கோர்ட்டுல இருந்து எடுத்துப் பாத்துப்போட்டுச் சொன்னாங்க. அப்பீலே போடாம உட்டதால இப்பவும் மெட்ராசு ஹைகோர்ட்டுல போடலாமாம். ஆனா இத்தனை வருசம் ஏன் வரலைன்னு காரணம் சொல்லோணும். “நீங்க படிக்காதவங்க, ஏழை, சட்டம் தெரியாதுன்னு எழுதிக்கலாம். கூடவே உங்க தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும், நாங்க சமாதானமாப் போயிட்டோம், அவங்களும் செஞ்சதுக்கு வருந்தறாங்கன்னு ஒரு மனு குடுத்தாக் கோர்ட்டு எரக்கப்பட வாய்ப்பிருக்குது.” அது ஒண்ணு. இல்லாட்டிக் கவர்னருக்கு மன்னிப்பு கேட்டு எழுதலாம், அதுலயும் வருந்துகிறேன்னு எழுதோணும். அதுவும் இல்லாட்டி அந்தக் கனடா நாட்டுக்கே, நான் திருந்திட்டேன், இனி அந்த மாதிரிப் பண்ண மாட்டேன்னு எழுதிக் கேக்கலாம். ஒத்துக்கிட்டா விசா கெடைக்கும்.

“மூணுலயும் வருந்தோணுமாங்க?”ன்னேன்.

“ஆமாம்மா.”

“வருந்தாம ஒரு வழி இல்லீங்களா?”

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. “மனசுக்குள்ள வருந்த வேண்டாம்மா. பேப்பர்ல வருந்துனாப் போதும்.”

“எனக்கு மனசுக்கு ஒண்ணு, பேப்பருக்கு ஒண்ணுன்னு ரெண்டு இல்லீங்க. நான் வருந்தலை. திருந்தவும் இல்லை. நாளைக்கே அந்தக் கை அந்தத் தோசைக்கல்லு மேல இருந்தா நாளைக்கும் வெட்டுவேன். இதை எழுதறதுன்னா எழுதுங்க.”

அந்தம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க, “அப்ப ஒரே ஒரு வழிதான் இருக்குது. நடந்ததை நடந்த மாதிரி உங்க தங்கச்சி வந்து சொல்லோணும். அன்னிக்குச் சொன்னது பொய், அவரு என்ற கையைச் சுட்டுக்கிட்டு இருந்தாரு, அக்கா என்னையக் காப்பாத்தத்தான் வெட்டுனாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அதை வெச்சு நான் வாதாடறேன். கெடைக்கும்னு உறுதியில்லை. ஆனா நீங்க தலை குனிய வேண்டியதில்லை.”

அதுதான் வேணும்னேன். சட்டமே எனக்குப் புடிச்ச மாதிரி ஒரு வழி வெச்சிருக்கறப்ப நான் எதுக்குக் கண்டவங்க கிட்ட மன்னிப்புக் கேக்கோணும்?

அப்படித்தான் இருவது வருசத்துக்கு மேல கழிச்சு மயிலாத்தா ஊட்டு வாசப்படி ஏறுனேன். நான் ஏறுனதை அவ பாத்தா. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே நின்னா. தலையெல்லாம் நரைச்சுப் போயி, எனக்கு அக்கா மாதிரி ஆயிட்டா. உள்ள கட்டல்ல அவன் கெடக்கறான். வாதம் வந்து எடது பக்கம் பூரா உழுந்து போச்சு. எடது கையி தூக்க வராது, வலது கையி, அதான் தெரியுமே. ஒரு வாய்த் தண்ணி வேணும்னாலும் ஆரோ ஊத்தோணும். லாரி ஓட்டறப்ப எத்தனை ஆட்டம்! சாமி இருக்குதுன்னு நெனைச்சேன்.

மோரு கொண்டாந்து வெச்சா. நான் தொடலை. வந்த விசயத்தைச் சொன்னேன். கோர்ட்டுல பொய் சொன்னீல்ல, இப்ப நெசத்தைச் சொல்லுன்னேன்.

“சொல்ல மாட்டேங்கா”ன்னா.

எப்படி இருக்கும் பாரு எனக்கு? “இன்னுமா இவனுக்குப் பயப்படறே? கட்டலை உட்டு எந்திரிக்க முடியாதவனுக்கு?”ன்னு கேட்டேன்.

“பயமில்லை”ன்னா. அப்பறம் அவ பேசுனா பாரு, எனக்கு அவ அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. “அன்னிக்கு அவரோட அண்ணன் தம்பி எல்லாரும் ஆஸ்பத்திரியில என்னையச் சுத்தி நின்னாங்க. கொல்லறதுக்கு வெட்டுனான்னு கேசுப் போடுவோம், உங்கக்காவைப் பத்து வருசம் வெளியில வர முடியாமப் பண்ணுவோம், புள்ளையைக் கொண்டு போயி அனாதை ஆசுரமத்துல தள்ளுவோம்னாங்க. இல்லாட்டி, கை நீயே சுட்டுக்கிட்டதுன்னு சொல்லு, வாய்த் தகராறுன்னு முடிச்சுக்கறோம், புள்ளை நம்ம ஊட்டுலயே வளரட்டும்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? உனக்கு மூணு வருசம், புள்ளைக்கு ஒரு ஊடு. நான் அதை எடுத்துக்கிட்டேன்.”

“ஆரு உன்னைய எடுத்துக்கச் சொன்னா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”ன்னேன்.

அவ என்னைய நிமிந்து பாத்தா. “நீ கொடுவாளை எடுக்கறதுக்கு முன்னால என்னையக் கேட்டியா?”

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்நேரத்துல நின்னு, அம்மணி வெட்டட்டுமா வேண்டாமான்னா கேப்பாங்க?

அவ சிரிக்கலை. “நான் கெளம்பறதுக்கு இருந்தேங்கா. அடுத்த வாரம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலைக்குச் சொல்லி வெச்சிருந்தேன், அங்க தங்கறதுக்கு எடமும் பாத்திருந்தேன். துணியெல்லாம் மடிச்சுப் பையில போட்டு அரிசி ட்ரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். அவரு அன்னிக்கு அரிசி எடுக்கப் போயி அந்தப் பையைப் பாத்துட்டாரு. அதுக்குத்தான் கையைச் சுட்டாரு. நீ வராம இருந்திருந்தாச் சூட்டுக் கையோட போயிருப்பேன். நீ வெட்டுனதுக்கு அப்பறம் எங்க போறது? வெரலில்லாத ஆளை உட்டுப்போட்டு, உன்ற புள்ளையை இழுத்துக்கிட்டு? என்னைய இந்த ஊட்டோட சேத்து வெச்சுக் கட்டுனதே அந்த வெட்டுத்தான்.”

இதை எங்கிட்டச் சொல்றா. நான் எதுக்கு ஜெயிலுக்குப் போனேன்? அவளுக்காகத்தான போனேன்? ட்ரம்முக்குள்ள பையாம். நான் பாத்தனா? இத்தனை வருசங்கழிச்சு ஆரு வேணாலும் ட்ரம்முக்குள்ள பை இருந்துச்சு, பானைக்குள்ள யானை இருந்துச்சுன்னு சொல்லலாம். அந்தக் கை வெட்டுப்பட்டதுல இருந்து அவன் அவ மேல ஒரு அடி வெச்சிருப்பானா? கேளு அவளை. வெக்கலை. அவளே ஒத்துக்கிட்டா. அப்ப ஆரு காப்பாத்துனது?

அந்த மோரைத் தொடாமயே எந்திரிச்சு வந்துட்டேன். அடுத்த நாளு கடையில மூணு தடவை சட்டினிக்கு உப்புப் போட்டிருக்கறேன். எல்லாரும் துப்பறாங்க. பை என்ன கலரா இருந்திருக்கும்னு ஒரு ரோசனை. எதுக்கு அந்த ரோசனைன்னு எனக்கே தெரியலை. உடு.

அதுக்கப்பறம் ஒரு வாரம் இருக்கும். வெடியால டிபன் கூட்டமெல்லாம் கலைஞ்சு நான் தட்டுக் கழுவிக்கிட்டு இருக்கறேன், மயிலாத்தா கடைக்குள்ள வந்து பெஞ்சுல உக்காந்தா. “ரெண்டு இட்லி குடு”ன்னா. வெச்சேன். வந்தவளுக்கு வெக்காம இருக்க முடியுமா? சாப்புட்டுக் கையைக் கழுவிப்போட்டுச் சொல்றா, “கிருத்திகா என்னையக் கூப்புடறா. எனக்கு விசா வந்துருச்சு.”

எனக்கு எடுத்த அன்னிக்கே அவளுக்கும் பாஸ்போர்ட்டு எடுத்து வெச்சிருக்கறா என்ற மக! ஊருக்கு வர்றப்பெல்லாம் எனக்குத் தெரியாம அங்க போயிட்டுத்தான் வந்திருக்கறா. வாரா வாரம் போனு பேசிக்கறாங்களாம். எனக்கு வந்த கோவத்துக்குக் கையில இருந்த தட்டு அந்தப் பக்கம் போயி உழுந்துச்சு. மயிலாத்தா எந்திரிச்சுப் போயி அதை எடுத்து, கழுவி, அடுக்கி வெச்சா.

“போறதுல ஒண்ணுமில்லை. இவரை ஆரு பாக்கறது? அதுக்குத்தான் வந்தேன்”ன்னா.

“அதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்தே?”

“வேற ஆருகிட்டப் போவேன்? வெட்டுனவ நீதான? நீயே ஊட்டு.”

எத்தனை நெஞ்சழுத்தம் பாத்தியா? எதுத்துப் பேசவே தெரியாத புள்ளைன்னு நெனைச்சு வளத்துனேன். நான் முடியாதுன்னேன். அவ போயிட்டா. பொழுதோட கிருத்திகா போன் பண்ணுனா. ஒண்ணுமே பேசலை, அழுகலை, “அம்மா”ன்னு மட்டும் சொன்னா. நான் சரின்னுட்டேன். அவனுக்காக இல்லை. இவளுக்காகவும் இல்லை. என்ற மக வயித்துல இருக்கறதுக்காக. அதை நல்லாக் கேட்டுக்க.

அப்படித்தான் கண்ணு இந்தப் பஸ்ஸுல தெனமும் போறேன். வெடியால கடையை முடிச்சுப்போட்டு அவனுக்கு இட்லி எடுத்துக்கிட்டுப் போவேன். குளிக்க வெக்கறதுக்கும் துணி மாத்தறதுக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தரு வர்றாரு. ஊட்டறது நாந்தான். மத்தியானம் ஆக்கிப் போட்டு, ராத்திரிக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்துப்போட்டுத் திரும்பி வருவேன். மொத நாளு வெங்காயம் அரியறதுக்கு நான் அருவாமனையை எடுத்துப் போட்டேன். அந்தச் சத்தத்துக்கே கட்டல்ல அவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். “மூடாத. ஒரு தடவை வெட்டுனாத் திரும்ப வெட்டற பழக்கம் எனக்கில்லை”ன்னேன். முன்னெல்லாம் இவனை ‘மாப்பிள்ளைங்க, வாங்க’ன்னு கூப்புடுவேன். இப்ப ‘இந்தா, இங்க பாரு’தான்.

ஊட்டறப்ப அவன் மூஞ்சியப் பாக்க மாட்டேன், வாயை மட்டுந்தான் பாப்பேன். அது ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்குது. நாலு வாய்க்கு ஒருக்கா தொடைச்சு உடோணும். தொடைச்சு உட்டேன். ஜெயில்லயும் கெழவிகளுக்குத் தொடைச்சு உட்டிருக்கறேன், அது ஒண்ணும் பாசமில்லை.

ஒரு நாளு சாப்புட்டு முடிச்சுப்போட்டு வாய் கொழறிக்கிட்டே சொல்றான், “அக்கா, நான் பண்ணுனது தப்பு.”

“அது எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியாது”ன்னேன்.

“நான் சொல்லட்டுமா?”ன்னான்.

நான் அவனைக் கேக்கலை கண்ணு. சத்தியமாக் கேக்கலை. அவனாவேதான் சொன்னான். சும்மா சொல்றான்னு உட்டுட்டேன். அடுத்த நாளும் சொன்னான். அதுக்கு அடுத்த நாளும். சரின்னு வக்கீலம்மாகிட்டச் சொன்னேன். அவங்க கையெழுத்து வாங்கறதுக்கு இன்னொரு வக்கீலையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவன் வார்த்தை வார்த்தையாச் சொல்றான், வேர்த்து ஊத்துது. “கையைப் புடிச்சுத் தோசைக்கல்லுல வெச்சது நாந்தான். அவளைப் பொய் சொல்லச் சொல்லி எங்காளுக மெரட்டுனாங்க, அதுக்கு ஏவுனதும் நாந்தான்.” எல்லாத்தையும் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கிட்டாங்க. நான் உட்டு வெச்ச பெருவெரலுதான் அதுக்கு ஆச்சு.

வக்கீலம்மாவுக்குச் சந்தோசம். எனக்கும் சந்தோசந்தான், இல்லைன்னு சொல்லலை. இத்தனை வருசத்துல ஒருத்தன் வாயில இருந்து நெசம் வந்திருக்குது. வருந்துகிறேன்னு நான் ஒரு எழுத்து எழுதலை. நெஞ்சை நிமித்திக்கிட்டு மெட்ராசுக்குப் போலாம். கெடைச்சுட்டா விசாவுக்குத் திரும்ப எழுதலாம். போயி என்ற பேரப்புள்ளையைத் தூக்கலாம்.

வாசல் வரைக்கும் போன வக்கீலம்மா நின்னு சொன்னாங்க, “ஒரு விசயம்மா. இதைப் போட்டாக் கோர்ட்டு மொதல்ல உங்க தங்கச்சியைத்தான் கேக்கும். சத்தியம் பண்ணி ஏன் பொய் சொன்னேன்னு.”

“கேட்டா என்ன ஆகும்?”

“மெரட்டித்தான சொல்ல வெச்சாங்க, ஒண்ணும் ஆகாமப் போகத்தான் வாய்ப்பு எச்சு. ஆனா அவங்க மேல கேசு ஆகாதுன்னு நான் உறுதி குடுக்க முடியாது.”

மயிலாத்தாவை உனக்குத் தெரியாது. அவளுக்குப் பச்சத் தண்ணியில குளிச்சாவே சளி புடிச்சுக்கும். தரையில படுத்தா இடுப்பு புடிச்சுக்கும். கதவைப் பூட்டுனா மூச்சு முட்டுதும்பா, சின்னதுலயே அப்படித்தான், கக்கூசுக்குப் போனாக் கூட நான் வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்கோணும். அவ ஜெயில்ல ஒரு நாளு தாங்குவாளா? அவளைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டா என்ன சொல்லுவா? தரையைத்தான் பாப்பா.

அதனால இல்லை. நான் அவளுக்காக ஒண்ணும் உட்டுக் குடுக்கலை, அப்படி நெனைச்சுக்காத. இது என்ற கேசு. நான் வெட்டுனேன், நான் நடந்து போனேன், நான் உள்ள இருந்தேன். இதுல எதுக்கு இன்னொருத்தி பேரு? கோர்ட்டு வந்து நீ நல்லவன்னு எழுதிக் குடுத்தாத்தான் நான் நல்லவளா? எனக்கு எவன் சர்டிபிகேட்டும் வேண்டாம். அந்தத் தண்டனை என்ற பேருலயே கெடக்கட்டும். அதைத்தான் இப்பப் போன்ல கத்துனேன். கேசுக் கட்டை மூடி வையுங்கம்மான்னேன். அவங்க, “பேத்தியப் பாக்க வேண்டாமா?”ங்கறாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிப்போடுவாங்க.

ஆமா, பேத்திதான். பொறந்து பத்து நாளாச்சு. கொறை மாசந்தான், ஆனா கையி காலு எல்லாம் நல்லா இருக்குது. போன்ல காட்டுனாங்க. மயிலாத்தா மடியில படுத்திருக்குது. அவ உள்ளங்கை இருக்குது பாரு, சுட்டுச் சுருங்கிப் போனது, அந்தக் கையிலதான் தலையத் தாங்கிப் புடிச்சிருக்கறா. புள்ளை நல்லாத் தூங்குது. கிருத்திகா கேட்டா, “கேசு என்னாச்சும்மா? எப்ப வருவே?”ன்னு. “கோர்ட்டு ஒத்துக்கலை கண்ணு”ன்னேன்.

பொய்யின்னு சொல்லாத. சுருக்கமாச் சொன்னேன். அவளுக்கு உடம்பு தேறட்டும், அவளே தூக்கிக்கிட்டு வருவா. ஏரோப்பிளேன் அங்கிருந்தும் வருமில்ல?

அதோ, சென்னிமலை தாண்டியாச்சு, நான் முன்னால போகோணும். எறங்கறவங்களுக்கு இந்த டிரைவரு சரியா நிறுத்த மாட்டான், கத்துனாத்தான் நிறுத்துவான். நேத்து சென்னியப்பன் எங்கிட்டக் கேக்கறான், “அக்கா, நாந்தான் கைநாட்டு வெச்சுக் குடுத்தேனே, இன்னும் ஏன் கோர்ட்டுல போடலை?”ன்னு. கேட்டுப்போட்டு அழுகறான். அந்த ஆளு அழுது நான் பாத்ததே இல்லை. வெட்டுனப்பக் கூட அழுகலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கேள்வி கேக்கற வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். இட்லி ஆறுது. வாயைத் தொற”ன்னேன்.

தொறந்தான்.